மடிக்கணினியின் திரை ஏன் இருள்கிறது?

மடிக்கணினியைத் திறந்து விசையை அழுத்துகிறீர்கள். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. விளிம்பில் சிறு விளக்கு எரிகிறது. ஆனால் திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. வீட்டில் உள்ளோர் "கணினி போய்விட்டது" என்கின்றனர். கடைக்குச் சென்றால் "டிஸ்ப்ளே மாற்ற வேண்டும்" என்ற சொல் காத்திருக்கிறது. இவ்விரண்டும் உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது உண்மை என்பதை ஒரு டார்ச் விளக்கைக் கொண்டு நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம் என்றால் வியப்பாக இருக்கும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பல லட்சம் மடிக்கணினிகள் சென்று சேர்ந்தன. காவிரிப் படுகையின் சிற்றூர்களிலும் அண்ணனுக்குக் கிடைத்த கணினியில் பிறகு தங்கை படித்தாள்; தந்தையின் பயிர்க் காப்பீட்டுப் பதிவும், பட்டா, சிட்டா நகல்களும் அதிலேயே வந்து சேர்ந்தன. அப்படிப்பட்ட கணினியின் திரை இருண்டால் இழப்பு திரையோடு நிற்பதில்லை. செய்முறைப் பதிவேடு, கல்லூரி விண்ணப்பம், புகைப்படங்கள் யாவும் போய்விட்டதாகவே எண்ணி, பலர் கணினியைப் பரணில் போட்டுவிடுகின்றனர். உண்மையில் அவை உள்ளே பத்திரமாக இருக்கலாம்.

திரைக்கு ஒளி எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொள்ள, திரையின் அமைப்பை முதலில் காண்போம். பெரும்பாலான மடிக்கணினிகளின் திரை திரவப் படிகத்தால் ஆனது. திரவம் போல ஓடும் தன்மையும், படிகம் போல ஒழுங்காக அடுக்கப்பட்ட மூலக்கூறுகளும் உடைய விந்தைப் பொருள் இது. 1888-ஆம் ஆண்டில் பிரெட்ரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலார் இதைக் கண்டார். அவர் ஆராய்ந்த பொருள் ஏறத்தாழ 145 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று. மேலும் சூடாக்கியபோது, ஏறத்தாழ 178 டிகிரியில், கலங்கல் நீங்கித் தெளிந்தது. இடையில் இருந்த அந்தக் கலங்கல் நிலையே திரவப் படிக நிலை.

அதே 1888-இல்தான் காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் சர் சி. வி. ராமன் பிறந்தார். அவருடைய உறவினரும் திரவப் படிக ஆய்வில் புகழ் பெற்றவருமான எஸ். சந்திரசேகர், பெங்களூரில் ராமன் நிறுவிய ஆய்வுக்கழகத்தில் பணிபுரிந்தபோது, வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதை 1977-இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறொருவர்.) பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவருக்கும் படம் ஓரளவு தெளிவாகத் தெரியத் திரைகளில் ஒட்டப்படும் மெல்லிய தாள்களில் இவ்வகை மூலக்கூறுகள் பயன்பட்டு வந்துள்ளன.

இங்கு முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. திரவப் படிகம் தானாக ஒளி வீசுவதில்லை. அது ஒளியை விடவும் தடுக்கவும் மட்டுமே செய்கிறது. இரண்டு தளவிளைவாக்கித் தாள்களுக்கிடையே படிகம் இருக்கிறது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப மூலக்கூறுகள் திரும்பிக்கொள்வதால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி கூடியோ குறைந்தோ வெளிவருகிறது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் அதற்கு நிறம் தருகின்றன. சன்னலில் கதவைத் திறந்து மூடுவது போன்ற வேலைதான் இது. வெளியே வெயில் இல்லாவிட்டால் சன்னலைத் திறந்து என்ன பயன்?

அந்த வெயிலைத் தருவதே பின்னொளி. திரையின் விளிம்பில், பெரும்பாலும் கீழ் விளிம்பில், வெண்ணிற எல்.இ.டி.கள் ஒரு வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. நீல ஒளி தரும் சிறு சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசினால் இரண்டும் கலந்து வெண்ணிறமாகத் தோன்றும். இந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகவே அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விளிம்பில் எரியும் ஒளியை ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுவதும் பரப்புகிறது. அதன் பின்னே ஒரு வெண்மையான எதிரொளிப்புத் தாள் இருக்கிறது.

ஆகவே படமும் ஒளியும் இரு வேறு வழிகளில் வருகின்றன. ஒளி நின்றாலும் படம் நிற்காமல் இருக்கக்கூடும். திரை இருண்ட கணினியை ஆராய்பவர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

டார்ச் விளக்குச் சோதனை

கணினியை இயக்கி ஓரிரு நிமிடம் காத்திருங்கள். அறையை இருட்டாக்குங்கள். ஒரு டார்ச் விளக்கையோ கைப்பேசியின் விளக்கையோ திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். எழுத்துகளோ சின்னங்களோ மங்கலாகத் தெரிகின்றனவா என்று உற்றுப் பாருங்கள்.

தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னொளிதான் இல்லை. டார்ச்சின் ஒளி திரைக்குள் புகுந்து, பின்னாலுள்ள வெண்தாளில் பட்டு, மீண்டும் திரை வழியே வெளிவருவதால் படம் தெரிகிறது. ஆனால் பின்னொளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒரு சாதாரணத் திரை வெளிவிடும். டார்ச் ஒளியோ போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இருமுறை வடிகட்டப்படுகிறது. அதனால்தான் படம் அவ்வளவு மங்கலாக இருக்கிறது; அதனால்தான் இருட்டறையும் பொறுமையும் தேவை. ஓ.எல்.இ.டி. என்னும் புதுவகைத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளியே கிடையாது. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

அடுத்து, ஒரு தொலைக்காட்சியையோ வேறொரு கணினித் திரையையோ வெளி இணைப்புக் கம்பியால் மடிக்கணினியுடன் இணையுங்கள். பல கணினிகளில் வெளித்திரைக்கு மாறத் தனி விசை உண்டு. இவ்விரு சோதனைகளின் விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, டார்ச் ஒளியில் படம் தெரிகிறது: கோளாறு பின்னொளியின் வழியில் இருக்கிறது. இரண்டாவது, டார்ச் ஒளியில் ஒன்றுமில்லை, வெளித்திரையில் படம் வருகிறது: படத்தைச் சுமக்கும் கம்பியிலோ திரையிலோ கோளாறு. மூன்றாவது, எங்குமே படம் இல்லை: நினைவகச் சில்லு, தாய்ப்பலகை ஆகியவற்றின்மேல் ஐயம் கொள்ள வேண்டும்; திரையை மாற்றிப் பயன் இராது.

வெளித்திரையில் படம் வந்த உடனே செய்ய வேண்டிய வேலை பழுது பார்ப்பதன்று. முக்கியக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்துக்கொள்வதே. பழுது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைமடைக்கு நீர் வரும் வழி

இனிப் பின்னொளி ஏன் நின்றது என்று தேட வேண்டும். இதற்குத் தஞ்சை விவசாயியின் முறையே நமக்கு வழிகாட்டி. கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கம் வயலுக்கு நீர் வரவில்லை என்றால், மேட்டூர் அணை வற்றிவிட்டது என்று எவரும் உடனே முடிவு கட்டுவதில்லை. வயல் மடையில் மண் அடைத்திருக்கிறதா, வாய்க்காலில் ஆகாயத் தாமரை மண்டியிருக்கிறதா, மேலேயுள்ள மதகு இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே மேலே நடப்பார்கள். நீர் நிற்கும் இடத்துக்கும் நீர் இல்லாத இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்க முடியும்.

பின்னொளிக்கும் இப்படி ஒரு பாசன வழி உண்டு. மின்கலத்திலிருந்தோ அடாப்டரிலிருந்தோ வரும் மின்சாரம் தாய்ப்பலகைக்கு வருகிறது. அங்கே ஒரு நுண்ணிய மின் உருகியைக் கடந்து, மூடியின் கீல் வழியாக வளைந்து செல்லும் மெல்லிய கம்பித் தொகுதியில் ஏறித் திரைக்குப் போகிறது. ஒரு வெண்ணிற எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. பத்து எல்.இ.டி.களைத் தொடரிணைப்பில் கோத்தால் 30 வோல்ட் வேண்டும். மின்கலம் தருவதோ பல கணினிகளில் 11 வோல்ட் அளவே. எனவே தாழ்ந்த வாய்க்காலிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றம் இறைப்பது போல, மின்னழுத்தத்தை உயர்த்த ஒரு சிறு சுற்று இருக்கிறது. எல்.இ.டி. திரைகள் பலவற்றில் இது திரையின் அடியிலுள்ள பலகையிலேயே அமைந்துள்ளது.

நீர் இருந்தால் மட்டும் போதாது; மதகைத் திறக்க ஆணையும் வேண்டும். பின்னொளிக்கு இரண்டு ஆணைகள் உண்டு. ஒன்று "எரி" என்பது. மற்றொன்று "இவ்வளவு ஒளியோடு எரி" என்பது. ஒளியைக் குறைக்க, எல்.இ.டி.களை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து எரிக்கும் முறை பரவலாக உள்ளது. எரியும் நேரம் குறைந்தால் நம் கண்ணுக்கு ஒளி மங்கியதாகத் தோன்றுகிறது. ஆக மின்சாரம், ஆணை, விளக்கு ஆகிய மூன்றில் எது தவறினாலும் திரை இருளும். மூன்றுக்கும் தோற்றம் ஒன்றே. மருந்து வேறு வேறு.

திருகாணியைத் தொடாமல்

முதலில் செலவில்லாத சோதனைகளைச் செய்வோம்.

ஒளி அளவைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். சூரியன் படம் போட்ட விசையே அது. திரையை முற்றிலும் அணைக்கும் விசையும் சில கணினிகளில் உண்டு. குழந்தைகள் தெரியாமல் அழுத்தியிருக்கலாம். பிறகு கணினியை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமானால் அதையும் கழற்றி, இயக்கு விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, கட்டுப்பாட்டுச் சில்லு புதிதாகத் தொடங்கும்.

மூடியை மூடியதும் திரை அணைவதைக் கண்டிருப்பீர்கள். மூடியில் ஒரு சிறு காந்தமும், அடிப்பகுதியில் அதை உணரும் சில்லும் இருப்பதே பல கணினிகளில் இதற்குக் காரணம். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவே இந்தச் சில்லின் அடிப்படை. காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறையோ, ஒலிபெருக்கியோ, மற்றொரு மடிக்கணினியோ அருகில் இருந்தால், மூடி மூடியிருப்பதாகச் சில்லு ஏமாந்து திரையை அணைத்துவிடலாம். பழைய கணினிகளில் காந்தத்துக்குப் பதிலாக ஒரு சிறு அழுத்துக் குமிழ் இருக்கும். தை, மாசி அறுவடைக் காலத்தில் களத்தருகே உள்ள வீடுகளில் பறக்கும் பதரும் தூசும் அதில் சிக்கிக் குமிழ் எழாமல் போவதுண்டு. உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும்.

இயக்கியதும் நிறுவனச் சின்னம் ஒளியோடு தோன்றி, இயங்குதளம் ஏறியபின் திரை இருள்கிறதா? அப்படியானால் விளக்கும் கம்பியும் நன்றாகவே இருக்கக்கூடும். ஆணை தரும் மென்பொருளின்மேல்தான் முதல் ஐயம். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும் லினக்சும் இருந்ததை நினைவு கூர்க. ஒன்றில் இருண்டால் மற்றொன்றில் இயக்கிப் பாருங்கள். அல்லது பென் டிரைவிலிருந்தே இயங்கும் இயங்குதளத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். அங்கே ஒளி நிலைத்தால் ஒரு காசும் செலவின்றிக் குறை தீரும்.

கடைசியாக, மூடியை மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதேனும் ஒரு கோணத்தில் ஒளி மின்னி மறைந்தால், கீலில் வளையும் கம்பி நைந்திருக்கிறது என்று கொள்ளலாம். நாள்தோறும் பலமுறை வளையும் இடம் அதுதானே!

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குவது நல்லது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் சிற்றூர்களில் மின்னழுத்தம் குறைந்து, குண்டு பல்பு மங்கி எரியும். மடிக்கணினித் திரையும் அதனால்தான் மங்கியது என்று சிலர் கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதை வாங்கினாலும் ஒரே அளவு மின்னழுத்தத்தையே வெளியே தரும்படி அமைக்கப்பட்டவை. ஆகவே அடாப்டர் வேலை செய்யும்வரை குறைந்த மின்னழுத்தம் திரையை மங்கச் செய்யாது. அடாப்டர் கம்பியை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

திறந்து பார்க்கும்போது

இனி வருபவை பழகிய கையால் செய்ய வேண்டியவை. எனினும் என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்திருந்தால் கடையில் உரிய கேள்வியைக் கேட்கலாம்.

முதல் விதி: அடாப்டரையும் மின்கலத்தையும் பிரிக்காமல் திரையின் கம்பியைத் தொடக்கூடாது. மின்சாரம் இருக்கையில் கம்பியைப் பிடுங்கியோ செருகியோ பார்த்தால், பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒன்றையொன்று தொட்டு மின் உருகி எரிந்துபோகும். நன்றாக இருந்த பின்னொளியும் இப்படி அணைந்துவிடலாம்.

கம்பியின் செருகியைக் கழற்றிப் பார்க்கும்போது பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால் ஈரம் பட்டு அரித்திருக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி மாதக்கணக்கில் கணினியை வைப்பது நல்லதன்று.

தாய்ப்பலகையில் பின்னொளிக்கான மின் உருகி ஒரு நெல்மணியில் நாலில் ஒரு பங்கு அளவே இருக்கும். மின்சாரம் முற்றிலும் துண்டித்தபின் மல்டிமீட்டரின் இரு முனைகளை அதன் இரு புறமும் வைத்தால், நல்ல உருகி ஏறத்தாழ சுழி மின்தடை காட்டும். எரிந்த உருகியோ இணைப்பே இல்லை என்று காட்டும். அதற்குப் பதில் ஒரு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைப்பது பெருந்தவறு. வீட்டில் பீஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டுவது எவ்வளவு ஆபத்தோ, அவ்வளவு ஆபத்து இது. உருகி காரணமின்றி எரிவதில்லை. நைந்த கம்பியிலோ திரைப் பலகையிலோ மின்குறுக்கு இருந்தால் அதை நீக்கிவிட்டே அதே அளவுள்ள புதிய உருகியைப் பொருத்த வேண்டும்.

திரையின் கீழ்விளிம்பில் ஒளியும் நிழலும் மாறிமாறி, நாடக மேடை விளக்குப் போலத் தெரிந்தால், எல்.இ.டி. சரங்களில் ஒன்று அணைந்திருக்கிறது எனலாம். சரத்துக்குள் எல்.இ.டி.கள் தொடரிணைப்பில் இருப்பதால் ஒன்று அறுந்தால் அச்சரம் முழுவதும் அணையும். சரங்களோ பக்க இணைப்பில் உள்ளவை. ஆதலால் மற்றவை எரியலாம். இந்நிலையில் திரையை மாற்றுவதே பெரும்பாலும் நடைமுறைக்கு உகந்தது.

எல்.இ.டி.க்கு முந்திய மடிக்கணினிகளில் பென்சிலினும் மெல்லிய ஒளிர்குழல் விளக்கு இருந்தது. அதற்குப் பல நூறு வோல்ட் மாறுமின்னழுத்தம் தேவை. பற்றிக்கொள்ளும் கணத்தில் ஆயிரத்தையும் தாண்டும். இதைத் தந்த சிறு பலகையை இன்வெர்ட்டர் என்றனர். திரை செந்நிறம் கலந்து எரிந்தால் குழல் முதுமை அடைந்தது என்று அறிவார்கள். அத்தகைய பழைய கணினி உங்களிடம் இருந்தால் திறக்க வேண்டாம். மின்னதிர்ச்சிக்கு இடமுண்டு, குழலுக்குள் பாதரசமும் உண்டு.

கடைக்குப் போகும்முன்

திருவையாறு அருகே ஒரு கல்லூரி மாணவியின் கணினித் திரை தேர்வுக்கு முந்திய வாரம் இருண்டது என்று கொள்வோம். விசிறி ஓடுகிறது. டார்ச் ஒளியில் சின்னங்கள் மங்கலாகத் தெரிகின்றன. வீட்டுத் தொலைக்காட்சியில் படம் தெளிவாக வருகிறது. அவள் தன் குறிப்புகளைப் படியெடுத்துக்கொள்கிறாள். ஒளி விசையாலோ மீண்டும் இயக்குவதாலோ மாற்றமில்லை. மூடியைப் பாதி சாய்த்தபோது ஒரு நொடி ஒளி மின்னுகிறது. இப்போது அவள் கடையில் "டிஸ்ப்ளே போய்விட்டது" என்று சொல்ல மாட்டாள். "படம் வருகிறது, பின்னொளி இல்லை, மூடியை அசைத்தால் மின்னுகிறது, முதலில் கம்பியைப் பாருங்கள்" என்பாள். கம்பியின் விலை புதுத் திரையின் விலையைவிட மிகக் குறைவு. திரையை மாற்றியிருந்தாலும், நைந்த அதே கம்பியால் புதுத் திரையும் சில நாளில் இருண்டிருக்கும்.

எல்லாச் சோதனைக்குப் பின்னும் பழுது தீராது என்று தெரிந்தால், கணினியைக் குப்பையிலோ வாய்க்கால் ஓரத்திலோ எறிய வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்பு, வெளித்திரையோடு இணைத்தால் மேசைக்கணினியாக இன்னும் சில ஆண்டுகள் அது உழைக்குமா என்று பாருங்கள். திரை மட்டுமே பழுதான கணினி அப்படி உழைக்கக்கூடியதே.